மாற்றம் வந்தால் விசேட தேவையுடையவருக்கு எப்படியிருக்கும்? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 இல் இலங்கையில் பெற்றோல் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த நாட்களில், மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே ஓட்டிசம் உள்ள இருபது வயதுத் தம்பி ஒருவர். பேச்சு இல்லை. ஒரு கிழமையாக அந்தி நேரத்தில் கேற்றைப் பிடித்து உலுப்புகிறார், தன் கையைக் கடிக்கிறார், இருட்டின பிறகும் உள்ளே வருகிறாரில்லை. "கரண்ட் போறதுதான் காரணம், இருட்டுக்குப் பயப்படுறான்" என்று தாய் உறுதியாகச் சொன்னார். அப்போது நாளுக்குப் பல மணித்தியாலம் மின்சாரம் இல்லை; காரணம் பொருத்தமாகத்தான் இருந்தது. நானும் அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் முறை போனபோது அம்மம்மா தேங்காய் துருவியபடி ஒரு சொல் விட்டார்: "இப்ப பாண் ஓட்டோவும் வாறல்லியே, மனே."

பின்னேரம் நாலரைக்குப் பாட்டுப் போட்டபடி ஒழுங்கைக்குள் வரும் பாண் ஓட்டோ பெற்றோல் இல்லாமல் நின்றுபோயிருந்தது. அந்தத் தம்பிக்கு அதுதான் மணிக்கூடு. பாட்டுக் கேட்டால் கேற்றடிக்குப் போவார், பணிஸ் ஒன்று வாங்குவார், உள்ளே வந்து தேத்தண்ணி குடிப்பார், குளிப்பார், படுப்பார். பாட்டு வராததால் அவருடைய நாள் நாலரையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் அவர் எப்படிப் போவார்? தங்கச்சி அந்தப் பாட்டைத் தேடி எடுத்து போனில் போட்டார். வீட்டில் சுட்ட ரொட்டியைக் கடதாசிப் பையில் சுற்றிக் கேற்றடியில் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் அவர் தானாக உள்ளே வந்தார். இருட்டு அப்படியேதான் இருந்தது.

"இருட்டுக்குப் பயம்" என்று எழுதியதை வெட்டிவிட்டேன். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு கேள்விகளைத்தான் கையில் கொண்டுபோகிறேன். இவருடைய நாளில் எந்த இழை அறுந்தது? அறுந்த பிறகு தன் நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் எடுத்தார், எதைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்? அழுகையும் கத்தலும் நம் காதில் பெரிதாக விழும். அவற்றை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த இரண்டுக்கும் விடை கிடைக்காது.

விசேட கல்வி அலகுக்குப் புதிதாக வந்த ஆசிரியர்கள், பகல் பராமரிப்பு நிலையங்களில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள், பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவோடு வீடு வீடாகப் போகும் தொண்டர்கள் ஆகியோரை நினைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் ஒரு அண்ணனையோ தங்கையையோ பார்த்துக்கொள்பவர்களுக்கும் உதவும்.

போகுமுன் தெரிந்திருக்க வேண்டியது

1943 இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதே, எல்லாம் இருந்தபடியே இருக்கவேண்டும் என்ற அவர்களின் தவிப்பைக் குறித்திருந்தார். இன்றைக்கும் ஓட்டிசத்தை இனங்காணும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. ஆனால் மாற்றம் கஷ்டமாக இருப்பது ஓட்டிசம் உள்ளவர்களுக்கு மட்டுமல்ல. காரணம்தான் ஆளுக்கு ஆள் வேறு. அறிவுவளர்ச்சி குறைந்த ஒருவருக்கு "நாளைக்கு மாமி வீட்டுக்குப் போறம்" என்பது விளங்காமல் இருக்கலாம். அப்படியானால் அவருக்குக் கஷ்டம் மாமி வீடு அல்ல. சொல்லாமல் கொள்ளாமல் வந்து விழுந்த ஒன்று. டவுண் சின்ட்ரோம் உள்ளவர்களில் பலர் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற நேரம் எடுப்பார்கள். நாம் அவசரப்படுத்தினால் நிலத்தில் குந்திவிடுவார்கள், அதை நாம் பிடிவாதம் என்போம். மூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள ஒருவர் எல்லாம் விளங்கியும் சொல்ல வழியின்றி இருக்கலாம். எனவே கிளினிக் கொப்பியில் இருக்கும் நோயின் பெயரை வாசியுங்கள், ஆனால் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

வைன்லாண்ட் போன்ற அளவுகோல்கள் அன்றாடத் திறன்களை அளக்க உதவுபவை. அவற்றுக்குப் பயிற்சி வேண்டும். அது உளவியலாளர்களின் வேலை. நாம் செய்வது அதற்குப் பக்கத்தில் நிற்கும் வேலை: பார்ப்பது, கேட்பது, எழுதுவது. வேண்டியது ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு மணிக்கூடு. வீட்டாரின் சம்மதமும் வேண்டும். முடிந்தவரை அவருடைய சம்மதமும் வேண்டும்.

இன்னும் ஒன்று. நாற்பது வயது ஆளைப் "பிள்ளை" என்று கூப்பிடாதீர்கள். உங்களைவிட மூத்தவர் என்றால் அண்ணை, அக்கா. அவர் பக்கத்தில் இருக்கும்போது அவரைப் பற்றிப் பிறரிடம் கதைக்காதீர்கள். பேச்சு வராதவருக்கும் காது கேட்கும்.

முதலில், மாற்றம் இல்லாத நாள்

புதிதாக வருபவர்கள் எல்லாரும் நேரே பிரச்சினைக்குப் போய்விடுவார்கள். "எப்ப அடிக்கிறார்? என்ன செய்தால் கத்துவார்?" சரி, அதுவும் வேண்டும். ஆனால் சாதாரண நாள் எப்படி என்று தெரியாமல் எது மாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு கிழமைக்கு அவருடைய நாளை எழுதுங்கள். ஒரு கிழமை போதாது, ஏனென்றால் வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, தகப்பன் தோணியில் போகும் நாள், போகாத நாள் என்று வீட்டின் தாளம் கிழமைக்குள்ளும் மாறும். இரண்டு தரம் பார்த்தால்தான் எது வழக்கம், எது தற்செயல் என்று பிடிபடும். காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ முஸ்லிம் வீடுகளுக்குப் போகிறீர்கள் என்றால் நோன்பு மாதத்தில் இந்தக் குறிப்பைத் தொடங்காதீர்கள். அந்த மாதம் சாப்பாடும் நித்திரையும் முழுக்க இடம் மாறிவிடும். நோன்புக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தால், அந்த வித்தியாசமே உங்களுக்கு நல்ல தகவல்.

எதை எழுதுவது? எத்தனை மணிக்கு எழும்பினார் என்பதைவிட, எழும்பியதும் எதைத் தொட்டார் என்பது. எந்தக் கோப்பையில் தேத்தண்ணி. எந்தக் கதிரை. யார் குளிக்க வார்த்தது. எந்தப் பக்கத்தால் வீட்டுக்குள் வருகிறார். காலையில் எந்தச் சத்தம் கேட்டால் பாடசாலைப் பையை எடுக்கிறார். நேரத்தை அவர் எதைக் கொண்டு அறிகிறார் என்பதைத் தனியாகக் குறியுங்கள். கோயில் மணியா, பள்ளிவாசல் பாங்கா, மீன்காரரின் ஹோர்ணா, தொலைக்காட்சித் தொடரின் பாட்டா? நம்மில் பலர் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறோம். அவர்கள் ஊரைக் கேட்கிறார்கள். பாண் ஓட்டோ எனக்குச் சொல்லித் தந்தது இதைத்தான்.

அவர் சும்மா இருக்கும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கை விரிந்திருக்கிறதா, பொத்தியிருக்கிறதா, எவ்வளவு ஆடுகிறார், என்ன சத்தம் போடுகிறார். முன்னும் பின்னும் ஆடுவது ஒருவருக்குச் சந்தோஷம், இன்னொருவருக்குத் தாங்கமுடியாமை. அமைதியான நாளில் பார்த்து வைத்திருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

உடம்பை விட்டுவிட்டு மனதுக்குப் போகாதீர்கள்

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். முப்பது வயது தாண்டிய, டவுண் சின்ட்ரோம் உள்ள ஒரு அண்ணை. அக்காவுக்குக் கல்யாணம் நடந்து, வீடு மாறி இரண்டு கிழமையில் சாப்பாட்டைத் தள்ளிவைக்கத் தொடங்கினார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. தலையின் ஒரு பக்கத்தைச் சுவரில் இடிப்பார். எல்லாம் வீடு மாறியதால்தான் என்று வீட்டார் சொன்னார்கள், நானும் நம்பினேன். படங்கள் செய்து கொடுத்தேன், பழைய பாயைக் கொண்டுவரச் சொன்னேன், ஆறு கிழமை போனது. கடைசியில் காதிலிருந்து சீழ் வடிந்தபோதுதான் விளங்கியது. மருந்து எடுத்து நாலாம் நாள் சோறு கேட்டுச் சாப்பிட்டார். அந்த ஆறு கிழமையும் அவர் நோவோடு இருந்திருக்கிறார். நான் படம் கீறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே இதை ஒரு படியாகவே வையுங்கள்: எந்த நடத்தை மாற்றத்துக்கும் முதல் கேள்வி, எங்காவது நோகிறதா? பல், காது, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, வலிப்பு. டவுண் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைரொயிட் குறைவதும் காது மந்தமாவதும் அதிகம். நாற்பதைத் தாண்டினால் மறதி நோயும் மற்றவர்களைவிட முந்தி வரக்கூடும். நோவைச் சொல்ல முடியாதவர் அதை உடம்பால் காட்டுவார். அதற்கு நாம் "மாற்றம் ஒத்துவரல்ல" என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அவருடைய காதைப் பார்க்கமாட்டார்கள்.

வீட்டாரிடம் கேட்பது

"மாற்றங்களை எப்படிச் சமாளிக்கிறார்?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்ற பதிலோடு கதை முடிந்துவிடும். நடந்த ஒன்றைக் கேளுங்கள். "போன மாரிக்கு வெள்ளம் வந்தபோது எங்கே படுத்தவர்? முதல் ராத்திரி நித்திரை கொண்டவரா? வீட்டுக்குத் திரும்பி வந்ததும் முதலில் எங்கே போனவர்?" இப்படிக் கேட்டால் தாய் அந்த இரவுக்கே போய்விடுவார், நீங்கள் கேட்காததையும் சொல்வார். பாடசாலை லீவு விட்ட முதல் கிழமை, புது உடுப்புப் போட்ட நாள், தலைமயிர் வெட்டிய நாள், விருந்தாளி அவருடைய கதிரையில் இருந்த நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீட்டில் அடைபட்டிருந்த மாதங்களைப் பற்றிக் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். சிலர் உடைந்துபோனார்கள். சிலர் வாழ்க்கையிலேயே அப்போதுதான் நிம்மதியாக இருந்தார்கள், ஏனென்றால் பஸ்ஸும் இல்லை, இரைச்சலும் இல்லை. அதுவும் முக்கியமான தகவல்தான்.

ஒருவரோடு நிறுத்தாதீர்கள். தாய் சொல்வது ஒன்று, அம்மம்மா சொல்வது ஒன்று, பக்கத்து வீட்டுச் சிறுவன் சொல்வது இன்னொன்று. பாடசாலையில் வேறு ஆள் போல் இருப்பார். இவை முரண்பட்டால் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அந்தந்த இடத்தில் அவருக்கு எது பிடிமானம் என்று பாருங்கள். தாய் சில சமயம் குறைத்துச் சொல்வார். பிள்ளையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்களோ என்ற பயம் அது. முதல் சந்திப்பிலேயே, இது பிள்ளைக்குக் குறை எழுதும் வேலை இல்லை என்று சொல்லி, எழுதியதை வாசித்தும் காட்டுங்கள்.

அவரிடமே கேட்பது

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். பேச்சு உள்ளவரிடம் "புது நிலையம் விருப்பமா?" என்று கேட்டால் "ஓம்" என்பார். "விருப்பமில்லையா?" என்றாலும் "ஓம்" என்பார். அது பொய் இல்லை. கேட்பவர் எதை விரும்புகிறார் என்று கண்டு நடக்கப் பழக்கியிருக்கிறோம், அதன் விளைவு. எனவே ஓம், இல்லை என்று வரும் கேள்விகளைக் குறையுங்கள். இரண்டு படம் வையுங்கள், பழைய இடம், புதிய இடம். எதை எடுக்கிறார் என்று பாருங்கள். பிறகு இடம் மாற்றி வையுங்கள், ஏனென்றால் சிலர் எப்போதும் வலது பக்கத்தைத்தான் எடுப்பார்கள். மறுகா இன்னொரு நாளிலும் கேளுங்கள். மூன்று தரமும் ஒரே பதில் என்றால் நம்பலாம்.

படம் விளங்காதவருக்குப் பொருள். துவாயைக் கொடுத்தால் குளியல், பையைக் கொடுத்தால் பாடசாலை, செருப்பைக் கொடுத்தால் வெளியே. ஒரு பொருளைக் காட்டி அது நடக்கப்போவதை அவர் உணர்கிறாரா என்று பார்ப்பது மதிப்பீட்டின் பாதி. உணர்கிறார் என்றால் முன்கூட்டிச் சொல்ல ஒரு வழி திறந்துவிட்டது. முன்கூட்டிச் சொன்னால் அடங்குகிறாரா, சொன்னதிலிருந்து பதற்றம் கூடுகிறதா என்பதையும் பாருங்கள். சிலருக்கு மூன்று நாளுக்கு முன் சொல்லவேண்டும். சிலருக்கு மூன்று நாளுக்கு முன் சொன்னால் மூன்று நாளும் நித்திரை இல்லை. அவர்களுக்கு அன்று காலையில் சொன்னால் போதும்.

சின்ன மாற்றமும் மணிக்கூடும்

இங்கே ஒரு எச்சரிக்கை. பார்ப்பதற்காக மாற்றத்தை உண்டாக்காதீர்கள். அவருடைய கோப்பையை ஒளித்துவைத்து என்ன செய்கிறார் பார்ப்போம் என்பது மதிப்பீடு இல்லை, கொடுமை. மாற்றம் தானாகவே வரும். ஆசிரியர் லீவு, மழையால் விளையாட்டு இல்லை, சீனி முடிந்துவிட்டது, பஸ் பிந்திவிட்டது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

வரும்போது நான்கு நேரங்களைக் குறியுங்கள். மாற்றம் எப்போது நடந்தது. அவர் அதை எப்போது உணர்ந்தார். எப்போது உச்சத்துக்குப் போனார். எப்போது தன் வழக்கமான வேலைக்குத் திரும்பினார். நான்காவதில் கவனம் தேவை. அழுகை நிற்பது திரும்புவது ஆகாது. அழுகை நின்ற பிறகும் ஒருவர் மூலையில் கை பொத்தி இருப்பார். அவர் தானாகத் தன் கோப்பையை எடுத்த நேரம், தன் கதிரைக்குப் போன நேரம், வழக்கமான அந்தச் சின்னச் சத்தத்தைப் போட்ட நேரம், அதுதான் திரும்பிய நேரம். முதல் படியில் எழுதிய குறிப்பு இப்போது கைகொடுக்கும்.

ஒரு உதாரணம். நிலையத்தில் இரண்டு தங்கைகள். ஒரே நாள், ஒரே மாற்றம்: வழக்கமாகப் பாட்டுச் சொல்லித்தரும் ரீச்சர் வரவில்லை. ஒருவர் பத்து நிமிடம் ஊரைக் கூட்டிக் கத்தினார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு மணி கோக்கத் தொடங்கிவிட்டார். மற்றவர் ஒரு சத்தமும் இல்லை. "நல்ல பிள்ளை" என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் அன்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை, வீட்டுக்குப் போகும்வரை கதவைப் பார்த்தபடி இருந்தார், அடுத்த நாளும் மணிப் பெட்டியைத் தொடவில்லை. யாருக்கு அதிக உதவி வேண்டும்? கத்தாதவருக்கு. சத்தமில்லாதவர்கள்தான் நம் கொப்பிகளில் விடுபட்டுப் போகிறார்கள், அவர்களுக்காகத்தான் இந்த மணிக்கூட்டுக் கணக்கை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அதோடு, எது அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது என்பதையும் எழுதுங்கள். ஆளா, பொருளா, இடமா, தனிமையா, நேரமா? யாரும் கிட்டப் போகாமல் விட்டபோது சீக்கிரம் திரும்பினார் என்றால் அது பெரிய கண்டுபிடிப்பு. நாம் எல்லாரும் சுற்றி நின்று தடவிக்கொண்டிருப்போம்.

ஐந்தாறு நிகழ்வு சேர்ந்ததும் கொப்பியை விரித்து வகை பிரியுங்கள். எது மாறியபோது அதிக நேரம் பிடித்தது: ஆள் மாறியபோதா, இடம் மாறியபோதா, ஒழுங்கு மாறியபோதா, வரவேண்டியது வராதபோதா? இரைச்சலும் வெளிச்சமும் சேர்ந்த மாற்றமா? கண்ணகி அம்மன் கோயில் வைகாசிக் குளிர்த்திச் சடங்கில் பறைச் சத்தத்துக்கு ஓடினார் என்றால் அவர் ஓடியது கூட்டத்துக்கா சத்தத்துக்கா என்று பிரித்துப் பாருங்கள். பலருக்கு ஒரு வகைதான் கடினமாக இருக்கும். இடம் மாறினால் ஒன்றும் செய்யாதவர், உடன் வரும் ஆள் மாறினால் உடைந்துவிடுவார். "மாற்றம் பிடிக்காது" என்ற ஒரே வரியால் யாருக்கும் உதவி இல்லை.

எங்கள் பக்கத்துப் பெரிய மாற்றங்கள்

மட்டக்களப்பில் வீடு மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். பெற்றோர் கல்யாணமாகாத பிள்ளைகளோடு அதே வளவில் ஒரு சின்ன வீட்டுக்கோ வேறிடத்துக்கோ மாறுவார்கள். நமக்கு அது வழக்கம். அந்த வீட்டிலுள்ள விசேட தேவையுடைய தம்பிக்கு என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். படுக்கும் இடம், குசினி, கிணறு, அக்காவின் இடம், வீட்டுக்குள் புதிய ஆண் குரல், நாலு நாள் பந்தலும் கூட்டமும். ஐந்தாறு இழை ஒரே கிழமையில் அறுகிறது. இப்படியான மாற்றத்தை மதிப்பிடும்போது அறுபடும் இழைகளைத் தாளில் எழுதி, எவற்றை அறாமல் காப்பாற்றலாம், எவற்றை வேறு மாதத்துக்குத் தள்ளலாம் என்று வீட்டாரோடு இருந்து பாருங்கள். ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே பின்னேரத் தேத்தண்ணியைப் புதிய சின்ன வீட்டில் குடிக்கத் தொடங்கியது. கடைசி நாள் அவர் தன் பாயைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போவது இன்னொன்று. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை. தாய் போய் மூன்று கிழமை ஒன்றும் இல்லை. "நல்லாத்தான் இருக்கிறாள்" என்றார் அம்மம்மா. நான்காம் கிழமையிலிருந்து ராத்திரியில் தாயின் பழைய செருப்பை எடுத்து வாசலில் சோடியாக வைத்துவிட்டுப் படுக்கத் தொடங்கினாள். யாராவது எடுத்து உள்ளே வைத்தால் எழும்பி வந்து மீண்டும் வைப்பாள். பெரிய இழப்பின் விளைவு பிந்தி வரும், கிழமைகள், சில வேளை மாதங்கள் கழித்து. முதல் மாதத்து அமைதியை வைத்து முடிவு எழுதாதீர்கள். வீடியோ அழைப்பு உதவுகிறதா என்பதையும் ஊகிக்க வேண்டாம். அழைப்புக்கு முன் ஒரு மணித்தியாலம், பின் ஒரு மணித்தியாலம் எப்படி இருக்கிறாள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சாவு நடந்த வீட்டில் "அப்பா வெளியூர் போயிட்டார்" என்று சொல்வார்கள், இரக்கத்தால்தான். ஆனால் வெளியூர் போனவர் திரும்பி வருவார் அல்லவா? அந்தப் பிள்ளை கேற்றடியில் காத்திருக்கும். கிரியையில் அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள், பூவைக் கையில் கொடுங்கள்.

பிறகு மாரி. கார்த்திகை, மார்கழியில் தாழ்ந்த இடங்களில் வெள்ளம் ஏறினால் பாடசாலைதான் முகாம். 2011 ஜனவரி வெள்ளத்தை ஊரே மறக்காது. முகாம் என்பது கூட்டம், பொதுக் கழிப்பறை, ராத்திரி முழுக்க வெளிச்சம், சாப்பாட்டுக்கு வரிசை. இதற்கான மதிப்பீட்டை வெள்ளம் வந்த பிறகு செய்ய முடியாது. புரட்டாதியில் செய்யுங்கள். தன் பாயில் அல்லாமல் வேறிடத்தில் நித்திரை கொள்வாரா? தெரியாத கழிப்பறைக்குப் போவாரா? வேறு ஆள் சமைத்ததைச் சாப்பிடுவாரா? "இல்லை" என்று வந்த இடங்களில் என்ன கொண்டுபோக வேண்டும் என்று இப்போதே எழுதுங்கள்: அவருடைய கோப்பை, பெட்சீற், மருந்து, காதுக்குப் பஞ்சு. மழையில்லாத ஒரு நாளில் அந்தப் பாடசாலைக்கு ஒரு தரம் நடந்து போய், வகுப்பறையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஓரத்து அறை ஒன்றைப் பெறுவது சுலபம்.

கல்லடி, நாவலடிப் பக்கம் 2004 டிசம்பர் சுனாமியின்போது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் இப்போது முப்பதை நெருங்குகிறார்கள். கடல் இரைந்தால், ஆட்கள் ஓடினால் அவர்களில் சிலருக்கு என்ன நடக்கிறது என்பது வேறு கணக்கு. அதை மாற்றத்துக்கான மதிப்பீட்டோடு போட்டுக் குழப்பாமல், மெதுவாகக் கேட்டு, தேவையென்றால் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

உடனே அனுப்ப வேண்டியவர்களும் இருக்கிறார்கள். தெரிந்திருந்த பேச்சோ திறனோ போய்விடுவது, சாப்பாடும் தண்ணீரும் நிறுத்துவது, நாட்கணக்கில் நித்திரை இல்லாதது, தன்னைக் காயப்படுத்துவது, பாதி அசைவில் சிலை போல் உறைந்து நிற்பது. இவற்றில் எது வந்தாலும் கொப்பியை மூடிவிட்டு வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். வைத்தியருக்கு அதைவிட உதவியான பொருள் இல்லை.

ஒரு பக்கத்தில் எழுதுவது

எல்லாம் பார்த்து முடிந்ததும் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். புதிதாக வரும் ஆள் நின்ற நிலையில் வாசித்து முடிக்கவேண்டும். நான் எழுதும் விதம் இப்படி. ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்:

"எனக்கு 26 வயது. என்னைத் தம்பி என்று கூப்பிடலாம். நேரத்தைக் கோயில் மணியால் அறிவேன். இடம் மாறினால் பரவாயில்லை, என் நீலப் பை கூட வந்தால் போதும். ஆள் மாறினால் கஷ்டம்: புதிய ஆள் முதல் இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் பக்கத்தில் இருந்து வேலை செய்யட்டும். போகும் இடத்தை அன்று காலையில் சொல்லுங்கள், படம் காட்டிச் சொல்லுங்கள், அதற்கு முந்திச் சொல்ல வேண்டாம். தாங்கமுடியாவிட்டால் கதவுக்குப் பின்னால் போவேன். கூப்பிடாதீர்கள். 25 நிமிடத்தில் வருவேன். வந்ததும் தண்ணீர் கேட்பேன். 40 நிமிடத்துக்கு மேல் போனால் பல்லைப் பாருங்கள்."

அவர் குரலிலேயே எழுதினால் வாசிக்கும் ஆளுக்கு முன்னால் ஒரு மனுசர் வந்து நிற்பார், அதனால்தான் இப்படி எழுதுகிறேன். எழுதியதை வீட்டாருக்கு வாசித்துக் காட்டித் திருத்துங்கள். அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அடியில் திகதி போடுங்கள். ஆறு மாதத்தில் பழசாகிவிடும். மூன்று பிரதி எடுத்து ஒன்றை வீட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள், ஒன்று பாடசாலைக்கோ நிலையத்துக்கோ. மூன்றாவதை பொலித்தீன் உறையில் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, வெள்ளத்துக்கு எடுத்துப்போகும் பையின் மேல் பொக்கற்றில் வையுங்கள்.